எண்ணூர்ல ஓடுற பழைய ஃபோர் வீல் ஜீப்: முன் ஆக்சிலைப் பிரிச்சுக் கட்டுறதா, ஆக்சிலையே மாத்துறதா?

நெட்டுக்குப்பம்_ஜீப்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ், வில்லிஸ் வழி வந்த ரகம், நீள சேசிஸ், பின்னாடி தொட்டி கட்டினது. எங்க அப்பா வாங்கினது. இன்னைக்கும் ஃபைபர் போட்டை மணல்ல இழுக்கவும், வலை, ஐஸ் பெட்டி ஏத்தவும் இதுதான். முன் ஆக்சில்ல வீல் திரும்புற மூட்டு, நக்கிள்னு சொல்றது, மூடின வகை, அதாவது வீல் பக்கம் பெரிய உருண்டை இருக்கிற மாதிரி. நாலு வீலும் டிரம் பிரேக்.

இப்போ இருக்கிற தொல்லை: எர்ணாவூர் தாண்டி நாப்பது, நாப்பத்தஞ்சுல வரும்போது ஒரு பள்ளத்துல இறங்கினா ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் அடிக்க ஆரம்பிக்குது. வேகத்தைக் குறைச்சாத்தான் நிக்குது. வலது முன் டயரோட உள்பக்கம் முழுக்க ஆயில். பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குது. ஃபோர் வீல் போட்டு முழுசா ஒடிச்சா முன்னாடி டக் டக்னு சத்தம்.

காட்டின பட்டறையில, "இந்த ஆக்சில் முடிஞ்சுபோச்சு, தூக்கிப் போடுங்க, புதுப்பேட்டையில டிஸ்க் பிரேக்கோட திறந்த நக்கிள் ஆக்சில் கிடைக்கும், வெல்டிங் பண்ணி மாட்டிடலாம்"னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. வண்டியை விக்கிற எண்ணம் இல்லை, இன்னும் பல வருஷம் ஓட்டணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


திருவொற்றியூர்_ஃபிட்டர்

தம்பி, நீங்க சொன்ன எதுவுமே ஆக்சிலைத் தூக்கிப் போடுறதுக்கான காரணம் இல்லை. நாலும் தனித்தனி நோய். டயர்ல ஆயில்னா உள் சீல். ஆட்டம்னா கிங் பின் (நக்கிள் திரும்புற அச்சு) பேரிங், ஸ்டீயரிங் அசைவை வீலுக்குக் கொண்டு போற டை ராடு முனை, பெல் கிராங்க், இல்லை கமான் புஷ், இதுல ஏதோ ஒண்ணு, இல்லை எல்லாமே. டக் டக்னா வீலுக்குப் போற ஷாஃப்ட்டோட ஜாயின்ட். பிரேக் இழுக்கிறது ஆயில் குடிச்ச லைனிங். வலது பக்கம் பிடிக்காததால இடது பக்கம் இழுக்குது.

எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு காரியம் பண்ணுங்க. முதல்ல ஆக்சில் மேல இருக்கிற பிரீதரை, அதாவது உள்காத்து போய் வர்ற சின்ன வழியை, கழட்டி ஊதிப் பாருங்க. அது அடைச்சிருந்தா ஓடி சூடான ஆக்சிலுக்குள்ள காத்து விரிஞ்சு ஆயிலை சீல் வழியா வெளியே தள்ளும். அதே சூட்டோட போட் இறக்கத் தண்ணிக்குள்ள விட்டீங்கன்னா உள்ளே காத்து சுருங்கி, உப்புத் தண்ணியை உறிஞ்சிக்கும். புது சீல் போட்டும் ஒழுகுதுன்னு வர்ற வண்டிங்கள்ல பிரீதரைப் பார்க்காம விட்டது நிறைய.

அடுத்தது, ஆக்சிலுக்கு அடியில ஜாக்கி வச்சு வீலைத் தூக்கி, ஸ்டேண்டு போட்டுட்டு, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா ஒருத்தரை உள்ளே உக்காந்து பிரேக்கை அமுக்கச் சொல்லுங்க. அமுக்கினதும் ஆட்டம் நின்னா அது வீல் பேரிங். அமுக்கியும் ஆடினா கிங் பின். அப்புறம் இடம் வலமாப் பிடிச்சு ஆட்டுங்க, அதுல வர்றது டை ராடும் பெல் கிராங்கும். டார்ச் அடிச்சு எது அசையுதுன்னு கண்ணால பாருங்க. இதுக்கு ஒரு பைசா செலவு இல்லை.


மூலக்கடை_பட்டறை

நான் மாத்துற கட்சி. ஐயா சொல்றதுல தப்பு இல்லை, ஆனா பட்டறை நடத்துறவன் பார்வையும் சொல்லணும். மூடின நக்கிள்ல வேலை நிறைய. கிங் பின் பேரிங் ஒரு பக்கத்துக்கு ரெண்டு, வைப்பர் சீல் (உருண்டை மேல வழுக்குற சீல்) செட்டு, உள் சீல், ஸ்பிண்டில் புஷ், ஜாயின்ட், வீல் பேரிங், பிரேக் லைனிங், வீல் சிலிண்டர். எல்லாம் போட்டு முடிச்சாலும் கடைசியில அதே டிரம் பிரேக்தான். தண்ணியில இறங்கி ஏறின டிரம் காயற வரைக்கும் பிரேக் சரியாப் பிடிக்காது. போட் இறக்கிட்டு மெயின் ரோட்டுக்கு வர்ற வண்டிக்கு டிஸ்க் எவ்வளவு பாதுகாப்புன்னு யோசிங்க. ஏர்போர்ட் ரோட்டுல ஓடுற வண்டி இல்லை இது, கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஓடுற வண்டி.

இன்னொண்ணு, திறந்த நக்கிள்ல வைப்பர் சீலே கிடையாது. ஒழுகுற தொல்லையில பாதி அங்கேயே போயிடுது. நல்ல டோனர் ஆக்சில், அதாவது வேற வண்டியில இருந்து எடுத்தது, கிடைச்சா மாத்துறது புத்திசாலித்தனம்.


திருவொற்றியூர்_ஃபிட்டர்

மூலக்கடை தம்பி சொன்ன பிரேக் விஷயம் நியாயம். நான் மறுக்கலை. ஆனா "நல்ல டோனர் கிடைச்சா"ங்கிற அந்த வார்த்தைக்குள்ள எவ்வளவு இருக்குன்னு எழுதுறேன், படிக்கிறவங்களுக்கு உதவும்.

முதல் விஷயம் ரேஷியோ, அதாவது வீல் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணும்ங்கிறது. முன்னாடியும் பின்னாடியும் ஒரே ரேஷியோ இருக்கணும். இந்தக் குடும்பத்து ஜீப்ல 5.38 வந்திருக்கு, அது கிரவுன்ல (ஆக்சில் உள்ளே இருக்கிற பெரிய பல்சக்கரம்) 43 பல், பினியன்ல (அதைச் சுத்துற சின்னது) 8 பல். 39-க்கு 8 போட்டா 4.88. 47-க்கு 11 போட்டா 4.27. பின்னாடி 5.38 இருக்க முன்னாடி 4.88 மாட்டிட்டா டூ வீல்ல ஒண்ணும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் ரெண்டு ஆக்சிலும் ஒண்ணை ஒண்ணு முறுக்கும். மணல்ல டயர் வழுக்கி சமாளிக்கும், தார் ரோட்டுல, ரெண்டு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் வாங்கிக் கட்டும்.

ஆக்சிலைத் திறக்காமலே ரேஷியோவைப் பார்க்கலாம். ஒரு வீலை மட்டும் தூக்கி, இன்னொண்ணு தரையில நிக்க, தூக்கின வீலை சரியா 20 சுத்து சுத்துங்க. அது கிரவுனுக்கு 10 சுத்து. அதுக்குள்ள புரொப்பல்லர் ஷாஃப்ட் 53-க்கும் 54-க்கும் நடுவுல சுத்தினா 5.38. 49-க்குக் கொஞ்சம் கம்மியா வந்தா 4.88. ஷாஃப்ட்ல சுண்ணாம்புக் கோடு போட்டு எண்ணணும்.

ரெண்டாவது, டிஃப், அதாவது டிஃபரன்ஷியல் தொட்டி எந்தப் பக்கம் தள்ளி இருக்குங்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளியீடு இருக்கிற பக்கமே அதுவும் இருக்கணும். இது ஒத்து வரலைன்னா பேச்சே இல்லை. அப்புறம் ரெண்டு கமான் கட்டுக்கும் நடுவுல உள்ள தூரம், டிராக் அகலம், வீல் போல்ட் வட்டம். இந்த ஜீப்புக்கு அஞ்சு போல்ட்டு, 139.7 மில்லிமீட்டர்.

கமான் உக்காரும் மேடையை வெட்டி வேற இடத்துல வெல்டிங் வைக்கணும்னா, கேஸ்டர் கோணம் (கிங் பின் பின்பக்கம் சாஞ்சிருக்கிற கோணம்) அந்த வெல்டிங்லதான் தீர்மானமாகும். இந்த ஜீப்புக்கு 3 டிகிரி. அதுல ஒரு டிகிரி விட்டாலும் ஸ்டீயரிங் தானாத் திரும்பாது, இல்லைன்னா ஆட்டம் கூடிடும். ஒரே இடத்துல நின்னு வெல்டிங் ஓட்டினா ஆக்சில் குழாய் வளையும். சின்னச் சின்னதா, இடம் மாத்தி மாத்தி ஓட்டி, ஆறவிட்டு ஓட்டணும். இதைப் பொறுமையாச் செய்யற வெல்டர் இருந்தா பண்ணுங்க.

டிஸ்க் போட்டா மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்கணும். டிரம்முக்கான மாஸ்டர்ல இருக்கிற ரெசிடுவல் வால்வு லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தியே வைக்கும். டிஸ்க் பேடு விடாம உரசிட்டே இருக்கும், சூடாகும்.


காசிமேடு_ஐஸ்வண்டி

இடையில ஒரு கேள்வி. மிக்ஜாம் வெள்ளத்துல வண்டி நின்னுச்சா நெட்டுக்குப்பம் அண்ணே? 2023 டிசம்பர்ல எங்க பக்கத்து வண்டிங்க எல்லாம் ஹப் மூழ்கி நின்னது. இன்ஜினை மட்டும் பார்த்துட்டு ஓட்ட ஆரம்பிச்சவங்களுக்கு அடுத்த வருஷமே முன் ஆக்சில் பேரிங் எல்லாம் போச்சு.


நெட்டுக்குப்பம்_ஜீப்

நின்னுச்சு தம்பி. முகத்துவாரம் பக்கம் ஆத்துத் தண்ணியோட கழிவு எண்ணெயும் சேர்ந்து வந்த நேரம். டயர்ல, கமான்ல கறுப்பா ஒட்டினது இன்னும் சில இடத்துல இருக்கு. வலையும் போட்டும் போனவங்களுக்கு நடுவுல ஆக்சில் ஆயிலைப் பத்தி நினைக்க அப்போ யாருக்கும் நேரம் இல்லை.

ஃபிட்டர் ஐயா சொன்னபடி பார்த்தேன். பிரீதர் சுத்தமா அடைச்சிருக்கு, உள்ளே மண்ணும் துருவும் கட்டியா இருந்தது. வலது வீல் மேல கீழ ஆட்டினா பிரேக் அமுக்கியும் ஆடுது. இடது வீல்ல பிரேக் அமுக்கினதும் நின்னுடுது. டை ராடு முனை ஒண்ணு லூசு. பெல் கிராங்க் கையால தூக்கினாலே மேல வருது. முன் டிஃப் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன், முதல்ல தண்ணி சொட்டுச்சு, அப்புறம் டீ நிறத்துல ஆயில். 20 சுத்துக்கு ஷாஃப்ட் 54-க்குக் கொஞ்சம் முன்னாடி நின்னுது, அப்போ 5.38தானே ஐயா? பின்னாடியும் அதேதான் வருது.


திருவொற்றியூர்_ஃபிட்டர்

5.38தான். ரெண்டும் ஒத்துப்போகுது, நல்ல சேதி. அந்த ஆயிலை இன்னைக்கே முழுசா இறக்கிடுங்க. வேலை எப்போ ஆரம்பிச்சாலும் சரி, தண்ணி கலந்த ஆயில் ஒரு நாளும் உள்ளே நிக்கக் கூடாது. நிக்கிற வண்டியில தண்ணி அடியில தங்கி, கிரவுன் பல்லுல எங்கே தொடுதோ அங்கே துருக்கோடு போட்டுடும்.

இப்போ முடிவு எடுக்க மூணே மூணு பாருங்க: ஆக்சில் கூடு நேரா இருக்கா, உருண்டையோட மேல்தளம் எப்படி இருக்கு, கிரவுன் பினியன் பல்லு எப்படி இருக்கு. மூணும் நல்லா இருந்தா கட்டுங்க. கூடு வளைஞ்சிருந்தா மட்டும் மாத்துறதைப் பத்திப் பேசலாம். மத்தது எல்லாம் தேயற சாமான், தேயறதுக்குன்னே செஞ்சது.


மூலக்கடை_பட்டறை

கூடு வளைஞ்சிருக்கான்னு தெரிய எங்க பட்டறையில ஒரு வழி இருக்கு. ஒரு பக்க சீல் மட்டும் திரும்பத் திரும்ப போச்சுன்னா சந்தேகப்படணும். ஷாஃப்ட் நடுவுல ஓடாம சீலோட ஒரு பக்கத்தையே தேய்க்கும். கழட்டின பழைய சீலோட உதட்டைப் பாருங்க. சுத்திலும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தா வயசாகிப் போச்சுன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சிருந்தா கூட்டையும் கிங் பின் ஷிம்மையும் (இறுக்கத்தைச் சரி பண்ற மெல்லிய தகடு) பாருங்க. அப்புறம் ரெண்டு உருண்டைக்கும் மேல நேரான இரும்புப் பட்டி வச்சு, கூட்டோட தூரத்தை ரெண்டு பக்கமும் அளந்தா தெரிஞ்சிடும்.

ஐயா சொல்ற மாதிரி மூணும் நல்லா இருந்தா நானும் கட்டுறதுக்கே ஓட்டு போடுறேன். ரேஷியோ ஒத்துப்போற ஆக்சில் தேடி அலையறதும் லேசான வேலை இல்லை.


மாதவரம்_ஜிப்ஸி

நான் ஜிப்ஸி வச்சிருக்கேன், என்னோடதும் மூடின நக்கிள்தான். டக் டக் சத்தத்தைப் பத்தி ஒண்ணு. பந்து போட்ட ஜாயின்ட்னா உள்ளே ஆறு பந்து, ஒரு கூண்டு, நடுவுல நட்சத்திரம். வெளிக் கிண்ணத்துல பந்து ஓடுற வாய்க்கால்ல பள்ளம் விழுந்தா முழு ஒடிப்புல சத்தம் வரும். கழுவி, வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா பள்ளம் தெரியும். கூண்டுல விரிசல் இருந்தா அந்த ஜாயின்ட்டை மாட்டவே மாட்டாதீங்க. ஒடிச்சு நிக்கும்போது உடைஞ்சா ஸ்டீயரிங்கே பூட்டிக்கும்.

உங்க வண்டியில கிராஸ் போட்ட ஜாயின்ட் இருந்தா வேலை சுலபம், கிராஸை மட்டும் மாத்திக்கலாம். இந்த ஜீப்புங்கள்ல வருஷத்துக்கு வருஷம் ஜாயின்ட் வகை மாறியிருக்கு. கழட்டிப் பார்க்காம சாமான் வாங்காதீங்க.


மண்ணடி_பேரிங்

பிராட்வே பக்கம் பேரிங் வியாபாரத்துல இருக்கேன். நம்பர் சொல்றேன், கழட்டினதுல இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க. வில்லிஸ் வழி வந்த ஆக்சில்ல கிங் பின்னுக்கு கோன் (ரோலரோட வர்ற உள் வளையம்) 11590, கப்பு (வெளி வளையம்) 11520. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு செட்டு. வீல் பேரிங் கோன் 18590, கப்பு 18520, உள்ளயும் வெளியவும் ஒரே நம்பர். அதனால அதுவும் நாலு செட்டு.

கோனை மட்டும் கேட்டு வர்றவங்க நிறைய. தயவுசெஞ்சு கப்போட சேர்த்து வாங்குங்க. பழைய கப்புல புது கோன் உக்காந்தா அந்தப் பள்ளத்துலயே ரோலர் விழும், வேலை செஞ்சதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

இன்னொண்ணு, போலி. பெட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க. பேரிங்ல பொறிச்ச எழுத்து சீரா, மெலிசா இருக்கணும். ரோலர் முனை வழவழன்னு இருக்கணும். விலை நம்ப முடியாத அளவுக்குக் கம்மியா இருந்தா அது வேற கதை. கிங் பின்ல போலி போட்டா ஸ்டீயரிங்ல கைய வச்சுக்கிட்டு உயிரோட விளையாடுற மாதிரி.


நெட்டுக்குப்பம்_ஜீப்

வலது பக்கம் பிரிச்சாச்சு. ஹப் பூட்டுற நட்டை முன்னாடி யாரோ உளி வச்சு அடிச்சே கழட்டியிருக்காங்க, ஆறு முனையும் மழுங்கி இருந்தது. லேத்துல கொடுத்து நட்டுக்குத் தகுந்த பெரிய பாக்ஸ் ஒண்ணு செஞ்சுக்கிட்டேன். மேல் கிங் பின் பேரிங் காய்ஞ்சு கிடக்கு, ஒரு சொட்டு ஆயில் கூட இல்லை. கீழ் பேரிங் துருக் குழம்புல ஊறிக் கிடந்தது. துடைச்சுட்டு கீழ் கப்பைப் பார்த்தா ஒவ்வொரு ரோலர் உக்காந்த இடத்துலயும் ஒரு கோடு மாதிரி பள்ளம். நகத்தை ஓட்டினா தட்டித் தட்டிப் போகுது. ஸ்டீயரிங் நேராக வரும்போது ஒரு இடத்துல பிடிக்கிற மாதிரி எனக்கு ரொம்ப நாளா தோணும், இதுதான் காரணம்னு இப்போ புரியுது.

உள் சீல் உதடு சுத்திலும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருக்கு. ஜாயின்ட் கிராஸ் வகைதான், ஒரு கப்புல ஊசி ரோலர் எல்லாம் பொடியாக் கொட்டுச்சு. உருண்டையில கீழ்ப்பாதி முழுக்க துருப் பொத்தல். அதுதான் இப்போ கவலை.


திருவொற்றியூர்_ஃபிட்டர்

கப்புல அந்தக் கோடு வர்றதுக்குக் காரணம், கிங் பின் பேரிங் முழுசா சுத்துறதே இல்லை. நேரா ஓடும்போது ரோலர் ஒரே இடத்துல நின்னு ரோட்டு அடியை வாங்குது. உப்பும் துருவும் சேர்ந்தா சீக்கிரம் பள்ளம் விழும். மேல் பேரிங் காய்ஞ்சதுக்குக் காரணம், யாரோ நக்கிளுக்குள்ள கெட்டியான வீல் கிரீஸை அடைச்சிருக்காங்க. கெட்டி கிரீஸ் சுத்துற வேகத்துல சுவர்ல ஒட்டிக்கும், திரும்பி வராது. மேல் பேரிங்குக்கு எண்ணெய் தெறிச்சுத்தான் போகணும்.

உருண்டைக்கு வருவோம். அந்த மேல்தளம் பாரம் தாங்குறது இல்லை. வைப்பர் சீல் வழுக்குறதுக்கு மட்டும்தான். அதனால பொத்தல் இருந்தா பயப்பட வேண்டாம். துருவை கம்பி பிரஷ்ல முழுசா எடுத்து, தின்னர்ல கழுவி, இரும்புப் பொடி கலந்த எபாக்ஸி பூசி, காய்ஞ்சதும் முதல்ல மெல்லிசா ராவி, அப்புறம் உருண்டையோட வளைவுக்கே துணித் தேய்ப்புத் தாளைச் சுத்தி இழுத்து இழுத்து வழவழப்பாக்குங்க. விரல் ஓட்டினா எங்கயும் தட்டக் கூடாது. மேடா விட்டா புது சீல் ஒரு வாரம் தாங்காது. செலவு பண்ண முடிஞ்சா ஹார்டு குரோம் போடலாம், கடல்காத்துக்கு அதுக்கு ஈடு கிடையாது. ஆனா அதுக்கு உருண்டையைக் கூட்டுல இருந்து பிரிக்கணும்.


மூலக்கடை_பட்டறை

எபாக்ஸி மேல எனக்கு நம்பிக்கை கம்மியா இருந்தது. ஐயா எழுதினது போல சீல் ஓடுற தளம் மட்டும்தான்னா ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு, பொத்தல் இல்லாத இடத்துல பூசாதீங்க. அங்கே மெலிசா உரிஞ்சு சீலுக்குள்ள போகும்.

நெட்டுக்குப்பம் அண்ணே, டிஃபை திறக்கப் போறீங்களா?


நெட்டுக்குப்பம்_ஜீப்

மூடியைக் கழட்டிப் பார்த்தேன். கிரவுன் பல்லுல ஒரு பக்கம் லேசா துருக்கறை, பல்லு முனை உடையலை. பினியனைப் பிடிச்சு முன்பின் இழுத்தா ஆட்டம் இல்லை. கையால சுத்தினா உறுமல் இல்லை. செட்டு மாத்தணுமா?


திருவொற்றியூர்_ஃபிட்டர்

கறை மட்டும்னா விடுங்க. பினியன் ஆட்டம் இல்லை, உறுமல் இல்லை, பல்லு முழுசா இருக்கு. இதைத் தொட்டா நல்லா ஓடுறதைக் கெடுக்கிற மாதிரி. பேக்லாஷ், அதாவது ரெண்டு பல்லுக்கும் நடுவுல உள்ள இடைவெளி, அதை மட்டும் டயல் கேஜ் வச்சு நாலு இடத்துல பாருங்க. இந்த ஆக்சிலுக்கு 0.005-ல இருந்து 0.007 அங்குலம். பழைய செட்டுல கொஞ்சம் கூட இருந்தாலும், நாலு இடத்துலயும் ஒரே அளவா வந்தா போதும்.

பல்லு எங்கே தொடுதுன்னு தெரிய ப்ளூ மை தடவிப் பார்க்கிறவங்களுக்கு ஒரு விஷயம். பின் ஆக்சில்ல வண்டி முன்னால போகும்போது பாரம் வர்ற பல் முகம் வேற, இந்த வகை முன் ஆக்சில்ல வேற. முன்னால இது கோஸ்ட் பக்கத்துலதான், அதாவது பின் ஆக்சில்ல ஆக்சிலரேட்டரை விட்டு ஓடும்போது பாரம் வர்ற முகத்துலதான், இழுக்கும். பின் ஆக்சில் பழக்கத்துல ஒரு முகத்தை மட்டும் பார்த்துட்டு ஷிம்மை மாத்தி, நல்ல செட்டுல சத்தம் வர வச்ச பட்டறைங்க உண்டு. மாத்துற நிலை வந்தா கிரவுனும் பினியனும் சேர்ந்த ஜோடியாத்தான் வாங்கணும், தனியா ஒண்ணு வாங்கிப் போடுறது வேண்டவே வேண்டாம்.


காசிமேடு_ஐஸ்வண்டி

ஆக்சிலை மாத்தினா எஃப்சி சமயத்துல பிரச்சினை வருமா? எங்க பக்கம் ஒருத்தருக்கு வந்துச்சு.


மூலக்கடை_பட்டறை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில அதை உறுதியா சொன்னது. அதே ரக ஆக்சிலை மாத்துறது பழுது பார்க்கிறது. வேற மாடல் ஆக்சில், டிரம்முக்கு பதிலா டிஸ்க்னு போகும்போது ஆர்டிஓ ஆபீஸ்ல முன்னாடியே கேட்டுக்கிறது நல்லது. மாத்துற கட்சின்னு ஆரம்பிச்சேன், ஆனா இதையும் வாடிக்கையாளர்கிட்ட சொல்லிட்டுத்தான் நான் வேலைக்குக் கை வைப்பேன். விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க கேக்கிற முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கும்.


நெட்டுக்குப்பம்_ஜீப்

ரெண்டு பக்கமும் பிரிச்சு, உருண்டை ரெண்டும் எபாக்ஸி பூசித் தேய்ச்சாச்சு. கூடு நேரா இருக்கு, பட்டி வச்சு அளந்து பார்த்தேன். மண்ணடி அண்ணன் சொன்ன நம்பர்தான் எல்லாத்துலயும் இருந்தது. கிங் பின் ஷிம் எப்படி வைக்கிறது, கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ஐயா.


திருவொற்றியூர்_ஃபிட்டர்

இது பொறுமையா செய்யற வேலை, அவசரம் வேண்டாம்.

கழட்டின ஷிம்மை மேல், கீழ்னு தனித்தனியா கட்டி வச்சிருக்கீங்கன்னு நம்புறேன். கப்பை அடிச்சு உக்கார வச்சதும், அடியில இடைவெளி இல்லைன்னு ஃபீலர் விட்டுப் பாருங்க. வைப்பர் சீலும் ஷாஃப்ட்டும் இல்லாம, நக்கிளை மட்டும் மாட்டி, மேல் கீழ் மூடியை முறுக்குங்க. இப்போ ஸ்டீயரிங் ஆர்ம் ஓட்டையில ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு மெதுவா இழுங்க. நக்கிள் நகர ஆரம்பிச்சு சீரா வரும்போது எவ்வளவு காட்டுதோ அதுதான் இழுவை. எவ்வளவு இருக்கணும்னு உங்க மாடலோட மேனுவல்ல போட்டிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் எண் வேற, அடுத்தவன் வண்டி எண்ணை எடுத்துக்காதீங்க. சீல் மாட்டிட்டு அளக்காதீங்க. சீலோட உரசலையே பேரிங் இறுக்கம்னு நினைச்சு, லூசாவே விட்டுடுவீங்க.

இழுவை கம்மியா இருந்தா ஷிம் எடுக்கணும், கூட இருந்தா சேர்க்கணும். எடுக்கும்போதும் சேர்க்கும்போதும் மேலயும் கீழயும் சமமா பிரிச்சு வைங்க. ஒரே பக்கம் வச்சா நக்கிள் நடுவுல இருந்து மேல கீழ நகர்ந்துடும், ஷாஃப்ட்டும் சீலும் ஒரு பக்கம் உரசும். மேல் பேரிங்கைக் கையால கிரீஸ் நிரப்பி மாட்டுங்க, ஆயில் தெறிச்சு வர்ற வரைக்கும் அது தாங்கணும்.

ஸ்டீயரிங் ஆர்ம் நட்டுங்களை டார்க் ரெஞ்ச்ல முறுக்குங்க. வண்டியில வேற எதுல அலட்சியமா இருந்தாலும் இதுல இருக்காதீங்க.

ஹப்புக்கு, வீலைச் சுத்திக்கிட்டே உள் நட்டை முறுக்கிட்டே வாங்க. வீல் பிடிக்க ஆரம்பிச்சதும் ஆறுல ஒரு பங்கு சுத்து திரும்ப விடுங்க. பூட்டு வாஷர் போட்டு, வெளி நட்டைப் போட்டு, வாஷரை மடக்குங்க. மடக்கினதும் திரும்பவும் மேல கீழ பிடிச்சு ஆட்டிப் பாருங்க, வெளி நட்டு இறுகும்போது அளவு கொஞ்சம் மாறும்.


மாதவரம்_ஜிப்ஸி

பிரேக் லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவி மாட்டலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. 90 கிரேடு ஆயில் குடிச்ச லைனிங் வெளியே காய்ஞ்ச மாதிரி இருக்கும். சூடேறினதும் உள்ளே இருந்து கசியும். ரெண்டு பக்கமும் ஒண்ணா மாத்துங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தினா இழுப்பு போகாது.

நக்கிளுக்குள்ள என்ன போடப் போறீங்க?


நெட்டுக்குப்பம்_ஜீப்

மேனுவல்ல இருக்கிற ஆயில் அளவுதான் போடலாம்னு இருக்கேன். லைனிங் ரெண்டு பக்கமும் புதுசு வாங்கிட்டேன். டை ராடு முனை ரெண்டும், பெல் கிராங்க் பின்னும் ஊசி பேரிங்கும் புதுசு.


காசிமேடு_ஐஸ்வண்டி

கடலுக்கு இறங்குற வண்டிக்கு ஹப் கிரீஸ் விஷயம் முக்கியம். எங்க துறைமுகத்துல கால்சியம் சல்ஃபனேட் கிரீஸ் போட்டவங்க வண்டியில தண்ணி போனாலும் பேரிங் துருப்பிடிக்கிறது ரொம்பக் கம்மி. ஆனா பழைய கிரீஸோட கலக்காதீங்க. முழுசா கழுவிட்டுத்தான் புது வகை. ரெண்டு வேற சோப்பு கிரீஸ் கலந்தா நீராகி வழிஞ்சிடும்.

பிரீதரைக் கூட்டு மேலயே விடாதீங்க. ஒரு ரப்பர் குழாய் போட்டு இன்ஜின் அறை உயரத்துக்குக் கொண்டு போய் கட்டுங்க. போட் இறக்கின அன்னைக்கே நல்ல தண்ணியில அடியெல்லாம் கழுவுங்க. இது எல்லாம் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா கரையில மீன் ஏலம் போற நேரத்துல யாருக்கும் ஞாபகம் வர்றது இல்லை. அதனால நான் கழுவுற தண்ணிக் குழாயைக் குளிர்ப்பெட்டி பக்கத்துலயே மாட்டி வச்சிருக்கேன்.


நெட்டுக்குப்பம்_ஜீப்

வண்டி கட்டி முடிச்சாச்சு. தராசு இழுவை மேனுவல் எண்ணுக்குள்ள வந்த பிறகுதான் சீல் மாட்டினேன். வலது பக்கம் கீழ ஒரு ஷிம், மேல ஒரு ஷிம் எடுக்க வேண்டி வந்தது. டோ-இன் (முன் வீல் ரெண்டும் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிற அளவு) 2 மில்லிமீட்டருக்குள்ள வச்சேன். பிரீதர் குழாய் ஃபயர்வால் வரைக்கும் போயாச்சு.

எர்ணாவூர் தாண்டி அதே பள்ளம், அதே வேகம். ஸ்டீயரிங் ஒரு தடவை அசைஞ்சு அமைதியாயிடுச்சு. பிரேக் நேரா நிக்குது. மணல்ல ஃபோர் வீல் போட்டு முழுசா ஒடிச்சும் பார்த்தேன், சத்தம் இல்லை. அப்பா பக்கத்துல உக்காந்திருந்தார், இறங்கிப் போய் ரெண்டு வீலையும் தொட்டுப் பார்த்தார்.

ஒரே ஒரு சந்தேகம். வலது உருண்டை மேல மெலிசா ஆயில் படலம் தெரியுது. ஒழுகலை, சொட்டலை. இது சரியா?


திருவொற்றியூர்_ஃபிட்டர்

அது இருக்கணும் தம்பி. வைப்பர் சீல் ஈரம் விட்டுத்தான் உருண்டையைத் துருவுல இருந்து காப்பாத்தும். காய்ஞ்சு கிடந்தாத்தான் கவலைப்படணும். ஒடிச்சு நிறுத்தினா உருண்டையோட தெரியுற பக்கத்தைத் துணியால துடைச்சு கிரீஸ் தடவி விடுங்க, மணல் ஒட்டின மேனிக்குத் திருப்பினா சீல் கிழியும்.

ஹப்பை இன்னும் கொஞ்சம் ஓடினதும் ஒரு தடவை தூக்கி ஆட்டிப் பாருங்க. புது கப்பு உக்காரும்போது கொஞ்சம் தளரும். சீல் பிடிச்சிருக்கிற அரை வளைய போல்ட்டுங்களையும் அப்போ ஒரு தடவை பாருங்க. டிஃப் ஆயிலையும் சீக்கிரமே ஒரு தடவை இறக்கிட்டுப் புதுசு விடுங்க, உள்ளே ஒட்டியிருந்த ஈரமெல்லாம் அதோட போகட்டும். இறக்கின ஆயிலை வெள்ளைத் தட்டுல ஊத்திப் பார்த்துட்டு என்ன நிறம்னு இங்கே எழுதுங்க.